கோப்பையை எண்ணலாமா, ஃபைனலை எண்ணலாமா?

போன இதழில் ஜூனியர்ஸ் ரெண்டு பேர் ரோபோட்டிக்ஸ் பற்றி எழுதி அசத்திட்டாங்க. இந்த முறை நான் எடுத்திருப்பது கொஞ்சம் ஆபத்தான டாபிக். ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கிளப்பினால் விடியும் வரை ஓடக்கூடியது. 2010 முதல் 2019 வரையிலான பத்து வருஷத்தில் ஐபிஎல்லை ஆண்ட டீம் எது? சென்னையா, மும்பையா?

சத்தம் போட்டு இதை முடிவு பண்ண முடியாது. ஆனால் நாம் இன்ஜினியரிங் படிக்கிறோம். மேத்ஸ் பேப்பரில் பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷன் எழுதிப் பாஸ் ஆகியிருக்கிறோம். அதை எக்ஸாம் ஹாலுக்கு வெளியே ஒரு தடவையாவது பயன்படுத்திப் பார்த்தால் என்ன? இந்தக் கட்டுரை ஒரு சின்னப் பாடம் மாதிரி போகும். "ஆதிக்கம்" என்று சும்மா சொல்கிறோமே, அதை எப்படி அளப்பது என்பதுதான் பாடம். நடுவில் நம்ம மதுரையும் வரும், அமெரிக்காவும் வரும்.

முதலில் டேட்டா

சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018 என்று மூன்று முறை கப் அடித்தது. 2012, 2013, 2015, 2019 என்று நான்கு முறை ஃபைனலில் தோற்றது. 2014-இல் குவாலிஃபயர் 2 வரை வந்து பஞ்சாபிடம் வெளியேறியது. 2016, 2017 இரண்டு சீசனும் விளையாடவே இல்லை. சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு 2015 ஜூலையில் விதித்த இரண்டு வருஷத் தடை அது. ஆக, ஆடியது 8 சீசன், ஃபைனல் 7, கப் 3.

மும்பை இந்தியன்ஸ் 2013, 2015, 2017, 2019 என்று ஒன்று விட்டு ஒரு வருஷம் கப் அடித்தது. 2010-இல் ஃபைனலில் தோற்றது. ஆடியது 10 சீசன், ஃபைனல் 5, கப் 4.

இப்போ பிரச்சனை புரியுதா? கப்பை எண்ணினால் மும்பை மேலே. ஃபைனலை எண்ணினால் சென்னை மேலே. ரெண்டு பேரும் அவங்கவங்களுக்குச் சாதகமான கணக்கைத்தான் கையில் எடுப்பாங்க. அதனால்தான் விடியும் வரை சண்டை ஓடுது.

நம்ம பாஷையில் சொன்னால் இது சிஜிபிஏ சண்டைதான். ஒருத்தன் எட்டு செமஸ்டரில் ஏழில் கிளாஸில் முதல் ரெண்டு இடத்துக்குள் வந்திருக்கான், ஆனால் முதல் ரேங்க் மூணு தடவைதான். இன்னொருத்தன் பத்து செமஸ்டர் எழுதி (ஏன் பத்து என்று கேட்காதீங்க) ஐந்தில் முதல் ரெண்டு இடத்துக்குள், அதில் நாலு தடவை முதல் ரேங்க். யார் நல்ல மாணவன்?

ஒரு பந்து, ஒரு ரன்

பதில் சொல்லும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கப் எப்படி வந்தது?

2019 மே 12, ஹைதராபாத். மும்பை 149. சென்னைக்கு ஷேன் வாட்சன் 80 ரன் அடித்தார். முழங்காலில் ரத்தம் கசிந்து பேண்ட் நனைந்திருந்ததை மறுநாள் ஹர்பஜன் சிங் சொன்ன பிறகுதான் ஊரே பார்த்தது. கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். பந்து வீச வந்தது லசித் மலிங்கா. அவருடைய முந்தைய ஓவரில் 20 ரன் போயிருந்தது. நான்காவது பந்தில் வாட்சன் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். மலிங்காவின் ஸ்லோ பால், ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. சென்னை 148. ஒரு ரன்.

சரி, இரண்டு வருஷம் பின்னால் போவோம். 2017 மே 21, அதே ஹைதராபாத், அதே மும்பை. எதிரில் ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட். சென்னைக்குத் தடை என்பதால் தோனி அந்த டீமில் இருந்தார். மும்பை 129, புனே 128. அதுவும் ஒரு ரன்!

மும்பையின் நான்கு கப்பில் இரண்டு, ஒரு ரன் வித்தியாசத்தில் வந்தவை. ஒரு பேட்டின் விளிம்பு, ஒரு த்ரோவின் திசை மாறியிருந்தால் பத்து வருஷக் கணக்கில் மும்பை 2, சென்னை 4 என்று எழுதியிருப்போம். ஆடிய ஆட்டக்காரர்கள் அதே பேர், திறமை அதே திறமை. வரலாறு மட்டும் தலைகீழ். இப்படி ஒரே ஒரு பந்தில் தலைகீழாகிற எண்ணை வைத்துக்கொண்டு "பத்து வருஷத்தை ஆண்டவன் யார்" என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு சரி?

இது மும்பையைக் குறை சொல்வதற்காக இல்லை. சென்னையின் முதல் கப்பும் நூலிழையில் வந்ததுதான். 2010 லீக்கில் சென்னை 14 மேட்சில் 7 வெற்றி, 7 தோல்வி. தர்மசாலாவில் பஞ்சாபுக்கு எதிரான மேட்சில் ஜெயித்தே ஆக வேண்டிய நிலை. கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும், பந்து வீசியது இர்ஃபான் பதான். தோனி நான்கே பந்தில் முடித்தார், கடைசி இரண்டும் சிக்ஸர். எப்பவும் கல்லு மாதிரி நிற்கிற மனுஷன் அன்றைக்குத் தன் ஹெல்மெட்டிலேயே குத்து விட்டார். அந்த ஓவர் சரியாகப் போகவில்லை என்றால் அந்த வருஷம் ஃபைனலும் இல்லை, கப்பும் இல்லை.

காசு சுண்டிப் பார்ப்போம்

இப்போ கணக்குக்கு வருவோம். பயப்படாதீங்க, சின்னதுதான்.

ஃபைனலில் வந்து நிற்கிற இரண்டு டீமும் கிட்டத்தட்ட சம பலம் என்று வைப்போம். அப்போ ஃபைனல் ஒரு காசு சுண்டல். சென்னை 7 தடவை சுண்டியது, 3 தடவை தலை விழுந்தது. சரியான காசை 7 தடவை சுண்டினால் 3 அல்லது அதற்குக் குறைவாகத் தலை விழ வாய்ப்பு எவ்வளவு? மிகச் சரியாகப் பாதி, அதாவது 50 சதவீதம். ஆகவே "சென்னை ஃபைனலில் பயந்துரும்" என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை.

மும்பை 5 தடவை சுண்டி 4 தடவை ஜெயித்தது. காசிலேயே 4 அல்லது 5 தலை விழும் வாய்ப்பு 6/32, அதாவது சுமார் 19 சதவீதம். ஐந்தில் ஒரு தடவை சும்மாவே நடக்கக்கூடியது. எனவே "மும்பைக்கு ஃபைனல் என்றால் தனி சக்தி" என்பதற்கும் இது ஆதாரம் ஆகாது. ஆதாரம் இல்லை என்பதால் அந்த சக்தியே இல்லை என்றும் ஆகிவிடாது. ஐந்து மேட்சை வைத்துப் பேச முடியாது, அவ்வளவுதான்.

அடுத்து ஃபைனலுக்கு வருவது. எட்டு டீமும் சமம் என்றால் ஒரு டீம் ஃபைனலுக்கு வரும் நிகழ்தகவு 2/8, அதாவது 1/4. (2011-இல் 10 டீம், 2012, 2013-இல் 9 டீம். அப்போது வாய்ப்பு இன்னும் குறைவு. எளிமைக்காக எல்லா வருஷமும் 1/4 என்றே வைக்கிறேன்.) எட்டு சீசனில் ஏழோ எட்டோ ஃபைனல் வர வாய்ப்பு:

சரியாக ஏழு: 8 × (1/4)-இன் 7 அடுக்கு × (3/4) = 24/65536
எட்டும்: (1/4)-இன் 8 அடுக்கு = 1/65536
மொத்தம்: 25/65536, அதாவது சுமார் 2600-இல் ஒன்று.

இங்கே ஒரு ஸ்டாடிஸ்டிக்ஸ் சார் இருந்தால் உடனே கேட்பார்: "தம்பி, நீ நடந்து முடிந்த பிறகு எட்டு டீமில் பெஸ்ட் டீமைப் பொறுக்கி எடுத்துட்டு வந்து கணக்குப் போடுறியே, அது நியாயமா?" நியாயமான கேள்வி. எட்டில் ஏதோ ஒரு டீமுக்கு இப்படி நடக்க வாய்ப்பு என்று பார்த்தால், தோராயமாக எட்டால் பெருக்கணும். அப்பவும் 330-இல் ஒன்றுதான் வருகிறது. அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாத எண் இது.

மும்பைக்கு இதே கணக்கு: பத்து சீசனில் 5 அல்லது அதற்கு மேல் ஃபைனல் வர வாய்ப்பு சுமார் 8 சதவீதம். எட்டு டீமில் யாருக்காவது இப்படி அமைவது அபூர்வமே இல்லை. ஆனால் கப்பைக் கணக்குப் போட்டால் படம் மாறும். வருஷத்துக்கு 1/8 வாய்ப்பு என்று வைத்தால், பத்தில் 4 அல்லது அதற்கு மேல் கப் சும்மா கிடைக்க வாய்ப்பு சுமார் 3 சதவீதம். சென்னைக்கு எட்டில் 3 அல்லது அதற்கு மேல் கிடைக்க வாய்ப்பு சுமார் 7 சதவீதம். அங்கே மும்பை முந்துகிறது, ஆனால் நூலளவில்தான். ஃபைனல் கணக்கிலோ இடைவெளி மலைக்கும் மடுவுக்கும்.

ஆகவே என் பதில்: அந்தப் பத்து வருஷத்தில் அதிகம் ஜெயித்தது மும்பை, ஆதிக்கம் செலுத்தியது சென்னை. ரெண்டும் ஒன்று இல்லை.

மும்பை ரசிகர்கள் கையில் இன்னும் ஒரு நல்ல சீட்டு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு டீமும் நான்கு ஃபைனலில் நேருக்கு நேர் மோதியதில் மும்பை 3, சென்னை 1. 2019-இல் மட்டும் இரண்டும் நான்கு முறை மோதி, நான்கிலும் மும்பை ஜெயித்தது. அதில் ஒரு ரன் ஃபைனலைக் கழித்தாலும் மீதி மூணு இருக்கு. சென்னையை எப்படி அடிப்பது என்று மும்பைக்குத் தெரிந்திருந்தது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஒரு எதிரியை அடிக்கத் தெரிவது ஒரு திறமை. எல்லா எதிரியையும் தாண்டி வருஷா வருஷம் வந்து நிற்பது வேறொரு திறமை. நான் இங்கே அளந்தது இரண்டாவதை.

அமெரிக்காவில் ஏழு மேட்ச்

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் அதே பத்து வருஷத்தில் இரண்டு டீம்களைப் பற்றி இதே மாதிரிப் பேசினாங்க.

பாஸ்கெட்பாலில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து ஃபைனல், அதில் மூன்று கப். வேடிக்கை என்னவென்றால் அவங்க 73 வெற்றி, 9 தோல்வி என்று என்பிஏ சாதனை படைத்த 2015-16 சீசனில்தான் கப் கிடைக்கவில்லை. ஃபைனலில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கிளீவ்லாண்டிடம் தோற்றாங்க. அமெரிக்க ஃபுட்பாலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அந்தப் பத்து வருஷத்தில் ஐந்து சூப்பர் பவுல் ஆடி மூன்று ஜெயித்தது. அதில் 2017 பிப்ரவரியில் 3-28 என்று கிட்டத்தட்ட செத்துப் போன மேட்சை ஓவர்டைம் வரை இழுத்து 34-28 என்று ஜெயித்தது இன்றும் பேசப்படுது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஃபார்மட். சூப்பர் பவுல் நம்ம ஐபிஎல் மாதிரி ஒரே மேட்ச். என்பிஏ ஃபைனல் ஏழு மேட்ச் தொடர், நாலு ஜெயிப்பவனுக்குக் கப். ஒரு மேட்சை ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு உள்ள டீம், ஒரே மேட்ச் ஃபைனலில் 60 சதவீதம்தான் ஜெயிக்கும். ஏழு மேட்ச் தொடரில் அதே டீமின் வாய்ப்பு 71 சதவீதமாக ஏறும். ஆட்டம் நீளமானால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். லேபில் ஒரே ஒரு ரீடிங் எடுத்து ரெக்கார்ட் எழுதினால் சார் ஏன் திட்டுறார் என்று இப்போ புரியுதா? ஐபிஎல் ஃபைனல் என்பது ஒரே ஒரு ரீடிங்.

ஆதிக்கம் எங்கிருந்து வந்தது?

ஐபிஎல், என்பிஏ, என்எஃப்எல் மூன்றுமே ஒரு டீம் ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்றே கட்டப்பட்டவை. செலவுக்கு உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவில் போன வருஷம் மோசமாக ஆடிய டீமுக்குப் புது ஆட்களை எடுப்பதில் முன்னுரிமை. இங்கே சில வருஷத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வைத்து டீமையே கலைச்சுப் போடுவாங்க. அப்படி இருந்தும் சென்னை எப்படித் தொடர்ந்து வந்தது?

என் கணிப்பில் பெரிய காரணம் ஆட்களை மாற்றாதது. எட்டு சீசனும் கேப்டன் தோனி, கோச் ஸ்டீபன் ஃபிளெமிங். 2011 ஏலத்துக்கு முன்னால் தோனி, ரெய்னா, முரளி விஜய், ஆல்பி மார்கல் என்று நாலு பேரைத் தக்க வைத்தது. 2014-இல் தோனி, ரெய்னா, அஸ்வின், ஜடேஜா, பிராவோ. இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு திரும்பி வந்தப்பவும் தோனி, ரெய்னா, ஜடேஜா. வாட்சன் 2018 ஃபைனலில் முதல் பத்து பந்தில் ஒரு ரன் கூட எடுக்கவில்லை. பதறாமல் நின்று 57 பந்தில் 117 அடித்துக் கப்பை வாங்கித் தந்தார். அதே சீசனில் காவிரிப் போராட்டத்தால் சொந்த மைதானமே கைவிட்டுப் போய், ஒரு மேட்சுக்குப் பிறகு சேப்பாக்கத்தை விட்டுப் புனேவுக்கு மூட்டை கட்டிய டீம் அது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கு. ரிவியூவுக்கு ரிவியூ டீம் மேட்டை மாற்றுகிறவன் எப்பவாவது ஒரு தடவை கலக்குவான். ஒரே டீமாக நின்று வேலை செய்கிறவன் ஒவ்வொரு ரிவியூவிலும் உருப்படியாக எதையாவது காட்டுவான்.

தருணம் என்பது வேற

சரி, கப் எண்ணிக்கை முக்கியம் இல்லை என்றால் அந்தக் கடைசிப் பந்துகளுக்கு என்ன மதிப்பு? நிறைய மதிப்பு. ஆனால் அதை வேறு பெட்டியில் வைக்கணும். ஆதிக்கம் என்பது பல வருஷச் சராசரி. தருணம் என்பது ஒரே ஒரு புள்ளி. கிராஃபில் இரண்டையும் குழப்பக் கூடாது.

தமிழ்நாடு டீமின் கதையைப் பாருங்க. 2019 டிசம்பர் 1, சூரத். சையது முஷ்டாக் அலி டி20 ஃபைனல். கர்நாடகா 180. தமிழ்நாட்டுக்குக் கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். அஸ்வின் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பினார். நான்கு பந்தில் 5 ரன் போதும். ஆனால் முடிந்தது 179-இல். அதே வருஷம் மே மாசம் சென்னைக்கு ஒரு ரன் தோல்வி, டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு ஒரு ரன் தோல்வி. 2019 நம்மை ஒரு ரன்னால் இரண்டு தடவை அறைந்த வருஷம்.

அடுத்த சீசனில் தமிழ்நாடு அதே கோப்பையை ஜெயித்தது, பரோடாவை வென்று. அதற்கும் அடுத்து, 2021 நவம்பர் 22, டெல்லியில் மறுபடியும் கர்நாடகாவோடு ஃபைனல். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். ஷாருக் கான் டீப் ஸ்கொயர் லெக் பக்கம் சிக்ஸர் தூக்கினார். எத்தனை டீக்கடையில் அன்றைக்குக் கிளாஸ் உடைந்ததோ!

இப்போ யோசிங்க. ஜனங்களுக்கு நினைவில் நிற்பது அந்த சிக்ஸர். ஆனால் அந்த டீமின் உண்மையான பலம் தொடர்ந்து மூன்று வருஷம் ஃபைனலுக்கு வந்தது. சூரத்தில் தோற்ற அன்றைக்கும் அந்த டீம் அதே அளவு நல்ல டீம்தான். தோற்றதால் அன்று யாரும் சொல்லவில்லை.

நம்ம ஊர் கதை

மதுரைக்காரங்க இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததுக்கு நன்றி. டிஎன்பிஎல்லுக்கு வருவோம்.

2016-இல் ஆரம்பித்தது டிஎன்பிஎல். எட்டு டீம். மதுரை டீம் முதல் இரண்டு சீசன் பாயிண்ட்ஸ் டேபிளின் அடியில் கிடந்தது. 2018-இல் சீகம் மதுரை பாந்தர்ஸ் என்ற பேரில் வந்து, ஃபைனலில் திண்டுக்கல் டிராகன்ஸை 7 விக்கெட்டில் அடித்துக் கப்பைத் தூக்கியது. அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் 75. அந்த டீமில்தான் ஆர்க்கிடெக்சர் படித்து, வேலைக்கும் போய், பிறகு கிரிக்கெட்டுக்குத் திரும்பிய வருண் சக்கரவர்த்தி மர்ம ஸ்பின் போட்டார். அதே டிசம்பரில் ஐபிஎல் ஏலத்தில் 20 லட்சத்தில் ஆரம்பித்த அவர் விலை 8.4 கோடியில் போய் நின்றது.

இது ஆதிக்கமா? மனசு ஆமாம் என்றாலும் கணக்கு இல்லை என்றுதான் சொல்லும். இது தருணம், அதுவும் மிக அழகான தருணம். டிஎன்பிஎல்லில் ஆதிக்கம் என்றால் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். நடந்த முதல் ஆறு சீசனில் ஐந்து ஃபைனல். 2016-இல் தோல்வி, 2017, 2019, 2021-இல் கப், 2022-இல் மழையால் கோவையோடு பகிர்ந்த கப். 2018-இல் மட்டும்தான் ஃபைனலில் இல்லை. அந்த ஒரு வருஷம் கப் வந்தது நமக்கு.

மைதானம் என்ற ஒரு விஷயமும் இருக்கு. மதுரைப் பேரில் டீம் இருந்தாலும் அப்போதெல்லாம் மேட்ச் நடந்தது சேப்பாக்கத்திலும், நத்தத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மைதானத்திலும், திருநெல்வேலியிலும். நம்ம டீமைப் பார்க்க நம்ம ஆள் நத்தம் பஸ் ஏறணும். சிந்தாமணி பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தை தோனி வந்து திறந்து வைத்தது 2025 அக்டோபரில்தான்.

பத்து நாள் கழித்து

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம்.

2019 மே 12 அந்த ஒரு ரன் தோல்வி. அன்று ராத்திரி மதுரையே துக்க வீடு மாதிரி இருந்தது, ஞாபகம் இருக்கா? சரியாகப் பத்து நாள் கழித்து, மே 22, பஞ்சாபின் லூதியானா. இந்தியப் பெண்கள் லீக் கால்பந்து ஃபைனல். மணிப்பூர் போலீஸ் டீமை 3-1 என்று வீழ்த்தி இந்திய சாம்பியன் ஆனது சேது எஃப்சி. எந்த ஊர் டீம்? மதுரை!

இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு இது அன்றைக்கே தெரியும்? எத்தனை பேருக்கு இப்போதான் தெரியுது?

இது திடீரென்று வந்த அதிர்ஷ்டமும் இல்லை. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் நாடே நடுங்கும். அந்த மணிப்பூரை 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. அந்த டீமில் கோல் அடித்த கடலூர் இந்துமதி கதிரேசன் சேதுவுக்கும் விளையாடியவர். தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுனில் கால்பந்தை ஓரமாக வைத்துவிட்டு மாஸ்க் போட்டு ரோட்டில் டியூட்டி பார்த்தவர். சேது 2022-இல் மறுபடியும் சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி மேட்ச் வரை வந்து கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்று இரண்டாம் இடம் பிடித்தது. 2023-இல் தமிழ்நாடு பெண்கள் அம்ரித்சரில் ஹரியானாவை வென்று மறுபடியும் தேசிய சாம்பியன்.

மேலே சென்னைக்குப் போட்ட கணக்கைச் சேதுவுக்கும் போடலாம் என்றால் கை நின்று போகும். பெண்கள் லீக் 2016-17-இல்தான் தொடங்கியது. ஃபார்மட் அடிக்கடி மாறியது. 2019-இல் மொத்தத் தொடரும் ஒரே ஊரில், மே மாச வெயிலில், மூன்று வாரத்துக்குள் முடிந்தது. வாட்சன் எத்தனையாவது பந்தில் முதல் ரன் எடுத்தார் என்று எனக்கு மனப்பாடம். லூதியானா ஃபைனலை டீக்கடையில் நின்று பார்த்த ஒருத்தரையும் எனக்குத் தெரியாது.

பைனாமியல் சொல்லித் தராத பாடம் இதுதான். அளப்பதற்கு முன்னால் யாராவது பார்த்திருக்கணும், எழுதி வைத்திருக்கணும். எழுதி வைக்காத ஆதிக்கம் கணக்கில் வராது. ஐபிஎல்லில் ஒவ்வொரு பந்துக்கும் கேமரா பத்துத் திசையில் நிற்கிறது. அதனால் சென்னை ஜெயித்ததா, ஆண்டதா என்று நுணுக்கமாகச் சண்டை போட முடிகிறது. பெண்கள் கால்பந்துக்கு அந்தச் சண்டை போடும் அளவுக்குக் கூட நாம் கண் கொடுக்கவில்லை.

அடுத்த தடவை சண்டை வரும்போது

ஹாஸ்டலில் அடுத்த சண்டை கட்டாயம் வரும். அப்போ மூன்று கேள்வி கேளுங்க. ஒன்று, எத்தனை கப் என்பதோடு எத்தனை தடவை கடைசி வரை வந்தாங்க? இரண்டு, அந்த எண் காசு சுண்டினாலே கிடைக்குமா, கிடைக்காதா? பேப்பர், பேனா, கால்குலேட்டர் போதும், ஐந்து நிமிஷ வேலை. மூன்று, நாம் பார்க்காததால் இந்தக் கணக்கிலேயே வராமல் போன டீம் எது?

மூன்றாவது கேள்விக்கு விடை தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியம் பக்கம் ஒரு காலை நேரம் போய் நில்லுங்க. நம்ம காலேஜ் பெண்கள் டீமின் அடுத்த ஜோனல் மேட்சுக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாங்க. யார் கோல் அடிச்சா, எந்த நிமிஷம், யார் பாஸ் கொடுத்தா என்று எழுதுங்க. அடுத்த இதழுக்கு அனுப்பினால் ஸ்கோர் ஷீட்டையே அப்படியே போடுகிறோம் என்று எடிட்டோரியல் டீம் சொல்லியிருக்காங்க. பத்து வருஷம் கழித்து இந்த மேகசினில் எழுதப் போகும் ஒரு ஜூனியருக்கு டேட்டா வேணும். அதை இப்போ நாம்தான் சேர்க்கணும்.